கோவமா, பயமா?

புழுவின் தலைக்குப் பின்னாலிருந்து செக்கச் செவேலென்று ஒரு கொம்பு எழும்பி நிற்கிற படம் என் செல்போனில் இருக்கிறது. பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். மாடி வீட்டுப் பையன் மட்டும் கேட்டான்: "அத்தை, அதுக்குக் கோவமா, பயமா?"

ஈர்க்குச்சியால் லேசாகத் தொட்டவன் அவன்தான். மேக்ரோ லென்ஸை மாட்டிக்கொண்டு நின்றவள் நான். மொட்டை மாடித் தொட்டியில் வளரும் கறிவேப்பிலைச் செடி. அதில் கறிவேப்பிலை அழகி என்கிற வண்ணத்துப்பூச்சியின் புழு. குட்டியில் பறவை எச்சம் மாதிரி இலைமேல் கிடக்கும், வளர்ந்தபின் இலைப்பச்சை. சீண்டினால்தான் கொம்பு வரும். சட்டைக் கையின் உள்பக்கத்தை வெளியே இழுத்துவிட்டதுபோல், இரண்டு கிளையாக, ஈரப் பளபளப்போடு. கூடவே ஒரு நெடி. எறும்பை விரட்ட அது போதும். கொஞ்ச நேரத்தில் மெல்ல உள்ளே சுருங்கிவிடும்.

அப்படியானால், நாம் ரசிக்கிற கொம்புப் படங்கள் பெரும்பாலும் யாரோ சீண்டிய பிறகு எடுத்தவைதான். இதுதான் என்னைக் குடைகிறது.

சின்ன வயதில் பொன்வண்டைத் தீப்பெட்டியில் வைத்து இலை போட்டு வளர்த்தோம். கழுத்தில் நூல் கட்டிப் பறக்கவும் விட்டோம். துன்புறுத்துகிறோம் என்ற நினைப்பே யாருக்கும் இல்லை. அதன்மேல் அவ்வளவு ஆசை. ஆசை இருந்தால் நூல் இறுகாது என்று நம்பினோமோ என்னவோ.

ஃபாப்ர் என்ற பிரெஞ்சுப் பூச்சியியல் அறிஞர் எழுதியதை எப்போதோ படித்தேன். பைன் மரத்துப் புழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் ஊர்பவை. 1896இல் அவருடைய பெரிய பூந்தொட்டி ஒன்றின் விளிம்பில் ஏறியவை, முன்னே போவதைப் பின்தொடர்ந்தே ஒரு வாரம் சுற்றின, பசியிலும் குளிரிலும். ஒரு விரலால் இறக்கிவிட்டிருக்கலாம். அவர் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பொறுமையால்தான் நமக்கு இது தெரிகிறது.

கிட்டே போய்ப் பார்த்தால்தான் பிரியம் வருகிறது. எங்கள் வீட்டில் அந்தப் புழு, மருந்தடித்துத் தீர்க்க வேண்டிய சனியனாகத்தான் இருந்தது. படத்தைப் பார்த்தபின் யாரும் மருந்து டப்பாவைத் தொடவில்லை. ஒரு குச்சி நுனிக்கு இது ஈடாகுமா? ஒரு நாள் ஆகும் என்று தோன்றுகிறது, மறுநாள் தோன்றுவதில்லை. கொம்பை எவ்வளவு பெரிதாக்கினாலும் பையனுக்குச் சொல்லப் பதில் அதில் இல்லை. கோபமும் பயமும் புழுவுக்கு உண்டா என்பதே எனக்குத் தெரியவில்லை.

உங்கள் செடியில் புழு இருந்தால், தொடாமல் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். அது இலை விளிம்பைக் கொறிக்கிற படமும் நல்ல படம்தான்.