விடைத்தாளோடு போங்கள்

குற்றாலத்தில் சாரல் தொடங்குமுன், மே மாதத்திலேயே பிளஸ் டூ முடிவு வந்துவிடும். மதிப்பெண் குறைந்ததால், தென்காசிக் கடைத்தெருவில் பாட ஆசிரியரைக் கண்டதும் ஒதுங்கிப் போகும் பிள்ளையைப் பார்த்தால் மனம் கனக்கிறது. அந்த விடைத்தாளைத் திருத்தியவர் அவரல்லவே! மதிப்பீட்டு முகாமில் வேறு யாரோ, பிள்ளையின் பெயர் தெரியாமல் திருத்தியது.

ஒதுங்கிப் போகாமல், முதலில் அரசுத் தேர்வுகள் இயக்ககத்திடம் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பியுங்கள். நகல் வாங்கியவர்களே மறுமதிப்பீடு கேட்க முடியும். கெடு சில நாள்தான். நகலோடு ஆசிரியரிடம் போய், “ஏன் சார் குறைஞ்சது?” என்பதைவிட, “இந்த அஞ்சு மார்க் கணக்குல எந்தப் படியை விட்டிருக்கேன் சார்?” என்று கேளுங்கள். விடைக்குறிப்போடு ஒப்பிட்டு, மறுமதிப்பீடு கேட்கலாமா என்று அவரே சொல்வார். அப்பா, அம்மா கூடப் போகலாம். ஆனால் பேச்சைப் பிள்ளையிடமே விட வேண்டும்.