ஒரிஜினல்தானா, ஐயா?



இந்நாட்களில் நம் திருச்சியிலே அநேகருக்கு ஒரு ஆசை பிறந்திருக்கிறது. பழைய சைக்கிள்! வாசலில் கார் நிற்கும், ஸ்கூட்டரும் நிற்கும். ஆனாலும் பொன்மலைச் சந்தையிலும், பாலக்கரைப் பக்கத்துப் பழைய இரும்புக் கடைகளிலும், ஸ்ரீரங்கத்தில் பழைய வீடு இடிக்கிற இடங்களிலும் போய் நின்று, "ராலே கிடைக்குமா? ஹம்பர் கிடைக்குமா?" என்று விசாரிக்கிறார்கள். கிடைத்துவிட்டால் முகத்தில் வருகிற சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! மாதக்கணக்கில் துடைத்து, தேய்த்து, பெயிண்ட் அடித்து, ஒரு நாள் அதிகாலையில் அம்மா மண்டபம் வரை ஓட்டிப் போய்த் திரும்புவார்கள்.

இது வீண் செலவு என்று திட்டுவதற்காக நான் இதை எழுதவில்லை. கையில் கிரீஸ் படிய ஒரு மனுஷன் உட்கார்ந்து வேலை செய்வது, டிவி முன்னால் உட்கார்ந்திருப்பதைவிட எவ்வளவோ மேல். நான் கேட்பது வேறு. இந்த வேலையில் மறைந்திருக்கிற ஒரு சோதனையைக் கவனித்தீர்களா?

முதலில் அந்த சைக்கிள்களைப் பற்றிக் கொஞ்சம். சுதந்திரத்துக்கு முன் நம் தெருக்களில் ஓடியவை பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தவை. நாட்டிங்காம் பட்டணத்து ராலே, பர்மிங்காம் வட்டாரத்து ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ். பிறகு 1949-ல் முருகப்பா குடும்பத்தார் இங்கிலாந்து கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்க, 1951 முதல் ஹெர்குலிஸ் இங்கேயே தயாரானது. வங்காளத்தில் ஆசன்சோல் பக்கம் சென்-ராலே வந்தது. அது பின்னால் அரசாங்கத்தின் கைக்குப் போய் மூடப்பட்டும் போயிற்று. சோனிபட்டில் அட்லஸ், லூதியானாவில் ஹீரோ. நாட்டிங்காம் ஆலையும் இன்று இல்லை. செய்தவர்கள் போய்விட்டார்கள், செய்யப்பட்டது மட்டும் நம் திண்ணையில் சாய்ந்து கிடக்கிறது.

அந்தக் காலத்தில் குடும்பத்தில் ஒரு சைக்கிள் என்றால் அது சொத்து. மணிக்கு இவ்வளவு என்று வாடகை சைக்கிள் எடுத்து, பாருக்குக் கீழே காலை விட்டு குரங்கு பெடல் அடித்துக் கற்றுக்கொண்டவர்கள்தானே நம்மில் பாதிப்பேர்! ஆகவே ஒரு பழைய சைக்கிளைப் பார்த்து ஒருவன் கண் கலங்கினால் நான் சிரிக்க மாட்டேன்.

இப்போது வேலைக்கு வருவோம். செய்து பார்த்தவருக்குத் தெரியும், இது பொறுமையைக் கேட்கிற வேலை. பெடல் கிராங்கைப் பிடித்திருக்கிற காட்டர் பின் இருக்கிறதே, அதைக் கழற்றும்போதே பாதிப்பேர் தோற்றுப்போவார்கள். நாற்பது வருஷத் துரு. அவசரப்பட்டுச் சுத்தியலால் அடித்தால் பின் வளையும், அடி உள்ளே போய் குண்டு உருளுகிற கப்பும் கெடும். எண்ணெய் விட்டு இரண்டு நாள் ஊறவிட்டு, மறுபக்கம் கனமான இரும்பு ஒன்றை முட்டுக்கொடுத்து, ஒரே அடி. வலப்பக்கத்துக் கப்பைக் கழற்றப் போனால் அது தலைகீழ் மரை. தெரியாதவன் கழற்றுவதாக நினைத்து இன்னும் இறுக்குவான். இதிலும் ராலே ஒரு தனி வீம்பு பிடித்த வண்டி. மற்ற பிரிட்டிஷ் சைக்கிள்களுக்கு ஒரு அங்குலத்துக்கு 24 மரை என்றால், ராலே தனக்கென்று 26 மரை வைத்துக்கொண்டது. கடையில் கிடைக்கிற சாதாரணக் கப்பை வாங்கி வந்து பலவந்தமாகத் திருகினால் ஏறுவது போல ஏறும். ஆனால் உள்ளே இருந்த மரை அத்தனையும் செத்துப்போகும். பிறகு அந்த பிரேமுக்கு உயிர் கிடையாது.

முன் வீலுக்கு 32, பின் வீலுக்கு 40, ஆக 72 போக்ஸ் கம்பி. ஒவ்வொன்றாகக் கோர்த்து, கோட்டம் எடுத்து, ரிம் ஆடாமல் சுற்றுகிற வரைக்கும் சாவியைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்றை இறுக்கினால் எதிரே ஒன்று தளரும். தோல் சீட் காய்ந்து வெடித்திருந்தால் அதற்கு மருந்து கிடையாது. வெடிக்காமல் தொங்கியிருந்தால் மட்டும் மூக்குப் பக்கத்துத் திருகாணியை மெதுவாக இறுக்கிச் சரிசெய்யலாம். மட்கார்டில் பொன்நிறக் கோடு கையால் போட வேண்டும். அந்தக் கை உள்ளவர்கள் இப்போது ரொம்பக் குறைவு.

இத்தனையும் செய்து முடிக்கும்போது என்ன ஆகிறது? ரிம் புதிது. கம்பி புதிது. செயின், பெடல், டயர், டியூப் புதிது. பெயிண்ட் புதிது. சீட் வேறொரு வண்டியிலிருந்து வந்தது. ஹேண்டில்பார் மதுரையிலிருந்து வந்தது. பிரேம் மட்டும் பழசு. அதிலும் ஒரு குழாய் வெட்டி வைத்து ஒட்டியது! அப்படியானால் இது அதே சைக்கிள்தானா?

இந்தக் கேள்வி புதிதல்ல. தீசியஸ் என்பவனுடைய கப்பலை ஏதென்ஸ்காரர்கள் காத்துவைத்தார்கள் என்றும், பலகை உளுக்க உளுக்கப் புதுப் பலகை போட்டார்கள் என்றும், கடைசியில் அது அதே கப்பலா என்று ஞானிகள் வாதாடினார்கள் என்றும் புளூட்டார்க் எழுதி வைத்திருக்கிறார். 17-ம் நூற்றாண்டில் ஹாப்ஸ் என்கிற ஆங்கிலேயர் ஒரு படி மேலே போனார். கழித்துப் போட்ட பழைய பலகைகளை ஒருவன் பொறுக்கிச் சேர்த்து இன்னொரு கப்பல் கட்டினால் எது அசல் என்று கேட்டார். ஹாப்ஸ் நம் ஊர் மெக்கானிக்குகளைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் ஆச்சரியப்பட்டிருப்பார். இங்கே கழித்துப்போட்ட சாமானில் இன்னொரு சைக்கிள் நிஜமாகவே ஓடிக்கொண்டிருக்கும்!

என்னைக் கேட்டால், "அதேதானா" என்ற கேள்வியில் பெரிய ஆபத்து ஒன்றும் இல்லை. சத்திரத்திலிருந்து மாம்பழச்சாலைக்கு நாம் கடக்கிற காவிரிப் பாலம் 1976-ல் திறந்தது. 2022-ல் பழுதுபார்க்க ஆரம்பித்து, வண்டிகளை நிறுத்தி, 2023 மார்ச்சில் மறுபடி விட்டார்கள். அது வேறு பாலமா என்று ஒருவரும் கேட்கவில்லை. பொன்மலை ரயில்வே பட்டறையில் 2021-ல் நீலகிரி மலை ரயிலுக்கு நிலக்கரியில் ஓடுகிற நீராவி எஞ்சின் ஒன்றைச் செய்து முடித்தார்கள். அதன் மாதிரி என்னவோ நூறு வருஷத்துக்கு முன் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த எக்ஸ் வகை எஞ்சினுடையது. ஆனால் பட்டறைக்காரர்கள் அதை சுவிஸ் எஞ்சின் என்று சொல்லவில்லை. "நாங்கள் பொன்மலையில் செய்தது" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்கள். கவனியுங்கள், பழைய மாதிரியில் புதுசு செய்தது அவர்களுக்குக் குறைச்சலாகப்படவில்லை.

சைக்கிளுக்கு வரும்போதுதான் நாவு வழுக்குகிறது. "சார், எல்லாம் ஒரிஜினல் சார்!" ஸ்டர்மி-ஆர்ச்சர் மூணு கியர் ஹப்பில் செய்த வருஷமும் மாதமும் எண்ணாகக் குத்தியிருக்கும். அதைக் காட்டி, "பாருங்க, 1952 வண்டி" என்பார்கள். ஹப் 1952 தான், சந்தேகமில்லை. ஆனால் அந்த வீல் போன வருஷம்தானே இந்த வண்டியில் ஏறியது? சொன்னது ஒவ்வொன்றும் உண்மை, கேட்டவன் நம்பியது பொய். இதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

இன்னொன்றும் என் மனதை உறுத்துகிறது. பால்காரர் ஓட்டிய வண்டி ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேரியரை அகலமாக்கி, இரண்டு பக்கமும் கேன் மாட்ட இரும்புக் கொக்கி பற்றவைத்திருப்பார். பாரில் பிள்ளையை உட்காரவைக்கக் குட்டிச் சீட் ஒன்று. 1990-களின் தொடக்கத்தில் பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியாகப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்களே, அவர்களில் எத்தனையோ பேர் ஆண்கள் வண்டியையே விரும்பினார்கள். அந்தப் பாரில் பிள்ளையை வைத்துக்கொள்ளலாம் என்பதற்காக! புதுப்பிக்கிறவர் முதலில் செய்கிற வேலை என்ன? இந்தக் கொக்கியையும் குட்டிச் சீட்டையும் அறுத்து எறிவதுதான். "கம்பெனியிலிருந்து வந்தபடி இல்லை" என்பார். கம்பெனியிலிருந்து வந்தபடி அது ஒரு நாள் இருந்தது. பால்காரர் கையில் முப்பது வருஷம் இருந்தது. எதை அழித்து எதை மீட்கிறோம்? கொக்கியை அறுக்கவே கூடாது என்று நான் சட்டம் போடவில்லை. ஓட்டும்போது முழங்கால் இடித்தால் அறுக்கத்தான் வேண்டும். ஆனால் கையில் அறுவாள் எடுக்கிறதற்கு முன் ஒரு நாள் பொறுக்கலாம் அல்லவா?

இதோடு ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அரசாங்கம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த இலவச சைக்கிள்கள் எத்தனை வீட்டுக் கொல்லையில் துருப்பிடித்துக் கிடக்கின்றன! அதை ஓவராயில் பண்ணி ஒரு ஏழைப் பையனுக்குக் கொடுக்க யாருக்கும் ஆசை வருவதில்லையே. நாம் நேசிப்பது பழைய சைக்கிளையா, அதன் முன்னால் ஒட்டியிருக்கிற பெயர்ப் பட்டயத்தையா?

சரி, எனக்குப் பெரிய பாரமாக இருக்கிற காரியத்துக்கு வருகிறேன். வாங்குகிற இடம்!

விற்கிறவர் யார்? பெரும்பாலும் ஒரு வயதான அம்மா. கணவர் ரயில்வேயில் இருந்தவர், போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆயிற்று. மாடிப்படிக்குக் கீழே சைக்கிள் கிடக்கிறது. "தம்பி, எடம் அடச்சிக்கிட்டு கெடக்குது. இரும்புக்காரன் எரநூறு குடுக்கிறேன்னான். நீங்க முந்நூறு குடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க" என்கிறார். நம் ஆள் பார்க்கிறார். தூசிக்கு அடியில் இங்கிலாந்து பிரேம். இரட்டைக் குழாய் போர்க், ஹம்பர்! தோல் சீட் வெடிக்காமல் இருக்கிறது. அந்தச் சீட் மாத்திரம் எத்தனை ஆயிரம் போகும் என்று அவருக்குத் தெரியும். இருதயம் படபடக்கிறது. ஆனால் முகத்தில் காட்டாமல், "ரொம்ப துருவா இருக்கேம்மா" என்று இழுக்கிறார்.

வாங்குகிறவனின் இந்தத் தந்திரத்தை நீதிமொழிகள் புஸ்தகம் அன்றைக்கே பிடித்துவிட்டது. வாங்கும்போது மட்டம் என்பான், வீட்டுக்குப் போய் மெச்சிக்கொள்வான்.

"விலை சொன்னது அவங்கதானே? நான் ஏமாத்தலையே!" என்பார்கள். இந்த வாதமும் பழசு. ரோமாபுரியில் சிசரோ என்பவர் கி.மு. 44-ல் மகனுக்கு எழுதிய நூலில் ஒரு வழக்கு வருகிறது. ரோது தீவில் பஞ்சம். ஒரு நல்ல வியாபாரி தானியக் கப்பலோடு வந்து சேருகிறான். பின்னால் இன்னும் பல கப்பல் வருகிறது என்று அவனுக்கு மட்டும் தெரியும். சொன்னால் விலை விழும். சொல்ல வேண்டுமா? "நான் பொய் சொல்லவில்லை, சொல்லாமல் இருந்தேன், அவ்வளவுதான்" என்பது ஒரு கட்சி. "மற்றவனுக்குத் தெரிய வேண்டியதை உன் லாபத்துக்காக மறைத்தாயே" என்பது மறு கட்சி. சிசரோ இரண்டாவது பக்கம் நின்றார். நம் கதையில் மறைக்கிறவன் வாங்குகிறவன் என்பதுதான் வித்தியாசம்.

இன்னும் கொஞ்சம் நியாயமான பதில் ஒன்றும் உண்டு. "பத்து வருஷமாகத் தேடித் தெரிந்துகொண்டேன். என் அறிவுக்குக் கூலி வேண்டாமா?" வேண்டும்! காட்டர் பின் கழற்றத் தெரிந்ததற்குக் கூலி உண்டு. 26 மரை என்று தெரிந்து கப் தேடி அலைந்ததற்குக் கூலி உண்டு. அதையெல்லாம் கழித்துக்கொண்டு விலை பேசலாம், பேசத்தான் வேண்டும். ஆனால் அந்த அம்மாவுக்குத் தெரியாமல் இருப்பது உங்கள் பிரயாசமா? அதில் நீங்கள் என்ன உழைத்தீர்கள்?

இரும்புக் கடைக்காரரிடம் இதே கண்டிப்பு வேண்டுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் வியாபாரி, தினமும் நூறு சாமான் பார்க்கிறவர், விசாரித்துத் தெரிந்துகொள்ள அவருக்கு வழி இருக்கிறது, தெரியாமல் எடை போட்டு விற்றால் அது அவர் தொழிலின் லாப நஷ்டம். "அந்த அம்மாவிடமிருந்துதானே அவருக்கும் வந்தது?" என்று ஒரு வாலிபர் என்னை மடக்கினார். அது உண்மைதான். அதற்கு எனக்கு முழுப் பதில் இல்லை.

சொல்லிவிட்டால் காரியம் கெடும் என்பதும் சும்மா பயமல்ல. "இங்கிலீஷ் வண்டியா?" என்று தெரிந்த மறுநிமிஷம், உள்ளூர் வண்டிக்குக்கூட இருபதாயிரம் கேட்கிறவர்கள் உண்டு. பேரன் போனில் எதையோ பார்த்துவிட்டு ஐம்பதாயிரம் என்பான். பேரம் முறியும், சைக்கிள் மறுபடி மாடிப்படிக்கு அடியில் கிடந்து துருப்பிடிக்கும். உத்தமமாய் நடந்ததற்கு இதுதானா பலன் என்று மனம் சோர்ந்து போகும். ஆம், சில சமயம் இதுதான் பலன்.

எனக்குத் தெரிந்த ஒரு சகோதரர் திருவானைக்கோவில் பக்கம் இருக்கிறார். ஓட்டுக்கூரை போட்ட ஒரு சின்ன இடத்தில் வேலை செய்வார். ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒரு பள்ளிக்கூட நோட்டில் ஒரு பக்கம் எழுதுகிறார். எது வந்தபடி இருக்கிறது, எது மாற்றியது, மாற்றியது எங்கே வாங்கியது, எந்தக் குழாயில் ஒட்டு. விற்கும்போது அந்தப் பக்கத்தைக் கிழித்து, சீட்டுக்குப் பின்னால் தொங்குகிற டூல் பையில் போட்டுக் கொடுத்துவிடுகிறார். இதனால் அவருக்கு மற்றவர்களைவிட விலை குறைவாகத்தான் கிடைக்கிறது.

வாங்கும்போதும் அப்படியே. போன மழைக்காலத்துக்கு முன் ஒரு வீட்டில் ஒரு வண்டி பார்த்தார். அந்த அம்மா ஐந்நூறு கேட்டார்கள். இவர், "அம்மா, இந்த சீட்டு மட்டுமே அதுக்கு மேல பல மடங்கு போகும், வேற யார்கிட்டயாவது விசாரிச்சுட்டு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். இரண்டு வாரம் கழித்து அந்த அம்மாவே ஆள் அனுப்பினார்கள். வண்டியை நியாயமான விலைக்குக் கொடுத்தார்கள். சீட்டை மட்டும் கொடுக்கவில்லை. "அவரு உக்காந்து உக்காந்து ஆன பள்ளம் தம்பி அது" என்று சொல்லிவிட்டார்களாம். அந்த சைக்கிளில் இப்போது உள்ளூர் சீட்டுதான் இருக்கிறது. நோட்டுப் பக்கத்தில் அதையும் எழுதியிருக்கிறார்.