கையிலே வேலை, மனதிலே பராக்கு



ஜெபிக்கும்போது மனம் வேறெங்கோ அலைவதைப் பராக்கு என்று நம் பெரியோர் சொல்லுவார்கள். ஜெபத்தில் மாத்திரமா பராக்கு வரும்? படுக்கையில் கிடக்கும் வியாதியஸ்தரைத் துடைத்துவிடும்போதும் வரும்; கஞ்சி ஊட்டும்போதும் வரும்.

அவிநாசி, திருப்பூர்ப் பக்கத்தில் பிள்ளைகள் பனியன் கம்பெனிக்கு ஷிப்டு போய்விட, பெரியவர்களைச் சம்பளத்துக்கு வந்த ஒரு பெண் பார்த்துக்கொள்ளும் வீடுகள் உண்டு. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்படி செவிலியர்களும் வீடு தேடி வருகிறார்கள். ஆகையால் ஒரு கேள்வி எழுகிறது: கை தன் வேலையைச் சரியாகச் செய்தால் போதாதா? மனமும் அங்கே இருக்க வேண்டுமா?

போதும் என்பவர்களிடம் நியாயம் இல்லாமலில்லை. ஒரே நாளில் பல பேரைத் தூக்கிப் புரட்டுகிறவள் ஒவ்வொருவருக்காகவும் மனம் கரைந்தால், மாலையில் தன் பிள்ளைகளுக்கென்று அவளிடம் என்ன மிஞ்சும்?

இதற்கு விடை தேட வேலூருக்குப் போவோம். அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-ல் வந்த டாக்டர் பால் பிராண்டு தொழுநோயாளரின் கைகளை ஆராய்ந்தார். நோயே விரல்களை அழுகச் செய்கிறது என்பது அந்நாளைய எண்ணம். அவர் கண்டதோ வேறு. உணர்ச்சியற்ற கை சூட்டையும் வெட்டையும் அறியாமல் திரும்பத் திரும்பக் காயப்பட்டே அழிகிறது. சதையின் குற்றமல்ல, சுரணை போனதே கேடு.

மனம் கூட வராத கையும் மரத்த கைதான். ஒரு வித்தியாசம்: மரத்த கை தன்னையே காயப்படுத்தும், மனமில்லாத கை பிறரைக் காயப்படுத்தும். படுக்கையோடு கிடப்பவரை 2 மணிக்கு ஒருதரம்போலத் திருப்பிவிடுவது வழக்கம். படுக்கைப் புண் தொடங்கும் இடம், விரலால் அழுத்தினாலும் வெளுக்காமல் சிவந்திருக்கும். கறுத்த தோலில் சிவப்புத் தெரியாமல் போகலாம். சூட்டையும் கெட்டியையும் தடவித்தான் அறிய வேண்டும். செல்போனில் கண்ணை வைத்துக்கொண்டு துடைக்கிற கைக்கு இது தெரியுமா? முந்தின வாய் இறங்குமுன் அடுத்த கரண்டியைக் கொடுத்தால் புரையேறாதா?

புண் மாத்திரமல்ல. சிகிச்சையை விளக்கிக்கொண்டிருந்த பிராண்டு ஒரு தொழுநோயாளரின் தோளில் கை வைத்தாராம். அந்த மனிதர் அழுதுவிட்டார். எத்தனையோ வருஷமாக அவரை ஒருவரும் தொடவில்லை. தன்னை மனிதனாகத் தொடுகிறார்களா, மூட்டையாகப் புரட்டுகிறார்களா என்பதை உடம்பு அறியும். பேச்சு நின்றுபோனவரும் அறிவார்.

ஆனால் மனம் கரைவது வேறு, மனம் இருப்பது வேறு. கூட அழ வேண்டுமென்று எவரும் கேட்கவில்லை. இந்த நிமிஷம் இவரிடம் இருந்தால் போதும். பராக்கு தானாக வருவது குற்றமல்ல. வந்தது தெரிந்தும் அதோடு போய்விடுவதே குற்றம். தொடுமுன் முகத்தைப் பாருங்கள். "ஆத்தா, இப்பத் திருப்பிப் படுக்க வெக்கறனுங்க" என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள். அந்த ஒரு வாக்கியம் அவருக்கு மரியாதை. உங்கள் மனதுக்கோ திரும்பி வரும் வழி.

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. இரவெல்லாம் விழித்தவளிடம் பகலெல்லாம் சிரத்தையை எதிர்பார்ப்பது அநியாயம். அவளுக்கு நேரத்துக்குச் சாப்பாடு உண்டா? படுக்க ஓரிடம் உண்டா? வாரத்தில் ஒரு நாள் ஓய்வு உண்டா? "ஏ, இந்தா" என்று கூப்பிடுகிறீர்களா, பெயர் சொல்லிக் கூப்பிடுகிறீர்களா? அவளைக் கருவியாக நடத்திவிட்டு, நம் தாயை மனுஷியாக நடத்தச் சொல்ல நமக்கு என்ன உரிமை? சம்பளம் கொடுத்துக் கையை வாங்கலாம். மனதை வாங்க முடியாது. மதித்தால் அது தானாக வரும்.