கணக்குத் தீராத சமாதானம்

 

சூலியாத் தெருவில் கடை வைத்திருக்கும் நாம் கண்டிருக்கிறோம். பங்காளிகள் இருவர் பிணங்குவார்கள். பெரியவர்கள் கூடி, முஸாபஹா செய்யவைத்து, பாத்திஹா ஓதிக் கலைந்து போவார்கள். பேரேட்டை யாரும் திறப்பதில்லை. அடுத்த பெருநாளுக்குள் பழைய சண்டை புதிதாய்க் கிளம்பிவிடும்.

ஸூரத்துல் ஹுஜுராத்தின் 9-ம் ஆயத்தைச் சிந்தியுங்கள். முஃமின்களில் இரு கூட்டத்தார் பொருதினால் சமாதானம் செய்துவைக்கும்படி அல்லாஹுத்தஆலா ஏவுகிறான். வரம்பு மீறியவர் பணிந்து திரும்பியபின் மறுபடியும் அதையே ஏவுகிறான். ஆனால் இம்முறை நீதியோடு செய்யும்படி நிபந்தனை சேர்க்கிறான். ஏன்? சண்டை ஓய்ந்ததும் வென்றவன் கை ஓங்கியிருக்கும். நீதி மறந்துபோகும் நேரம் அதுவே.

இலங்கையைப் பாருங்கள். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடபகுதி முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர் என்பது கணிப்பு. யாழ்ப்பாண நகரத்தாருக்குக் கிடைத்த அவகாசம் 2 மணி நேரம். கடையும் நகையும் பறிபோக, பலர் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் ஒண்டினார்கள். 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் புலிகள் பத்திரிகையாளர் முன் வருத்தம் தெரிவித்தார்கள். வார்த்தை வந்தது, வீடு வரவில்லை. 2009 மே மாதம் போர் முடிந்தது. திரும்பிப் போனவர்கள் கண்டது இடிந்த சுவர், புதர் மண்டிய மனை, பிறர் குடியிருக்கும் நிலம். அடியாரின் ஹக்கு அப்படியே நின்றது.

ஆனால் சகோதரர்களே, நம்மவர் கணக்கை மட்டும் எழுதினால் அது நீதியாகாது. போர் முடிவில் பிள்ளையை இராணுவத்திடம் ஒப்படைத்துவிட்டு, அவன் எங்கே என்று 2017 முதல் வீதியோரம் அமர்ந்து கேட்ட தமிழ்த் தாய்மார்களின் கணக்கும் தீரவில்லை. ஒரு கூட்டத்தார்மீதுள்ள பகை நம்மை நீதியினின்றும் பிறழச் செய்யலாகாது என்பது ஸூரத்துல் மாயிதாவின் 8-ம் ஆயத்து தரும் கட்டளை. நம்மை விரட்டியவர்களின் இனத்தாள் என்று அவள் கண்ணீரைத் தள்ளிவிடலாமா? அவளா நம்மை விரட்டினாள்?

துப்பாக்கி ஓய்வது ஸுல்ஹில் பாதிதான். நிலம் உரியவர் கைக்கு வரவேண்டும். காணாமற்போனவரைப் பற்றிய உண்மை தாயின் காதுக்கு வரவேண்டும். குற்றம் விசாரணைக்கு வரவேண்டும். மீதிப் பாதி இதுவே. அது வராதவரை பகை பேரன் பெயரில் பற்று எழுதப்பட்டுக்கொண்டே போகும்.

இலங்கையின் கணக்கைத் தீர்க்க நம்மால் இயலாது. பினாங்கில் நம் ஜமாஅத்தில் வழக்குத் தீர்க்க அமரும்போதாவது, கைகளைச் சேர்க்குமுன் பேரேட்டைத் திறப்போமாக. நம் பக்கம் பாக்கி இருந்தால் முதலில் நாமே கொடுப்போமாக. வல்ல நாயன் அதற்குத் தவ்பீக் அருள்வானாக! ஆமீன்.