விட்டுக் கொடுத்தார்களா, விட வைத்தோமா?

மாரியூர்க் கரையில் எங்கள் வாப்பாவுக்கு இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு இருந்தது. உம்மா முன்பே காலமாகிவிட்டார்கள். வாப்பா 1994-ல் மவுத்தானபோது வாரிசுகள் மூன்று பேர்: காக்கா மூத்தவர், அடுத்து லாத்தா, கடைசியாக நான். சில மாதங்கள் கழித்து ஒரு விடுதலைப் பத்திரம் எழுதச் சொல்லி, லாத்தாவைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போனோம். அவர்கள் பத்திரத்தைப் படித்துப் பார்க்கவில்லை. “எங்கே போடணும் தம்பி?” என்று மட்டும் கேட்டார்கள். நான்தான் விரல் வைத்து இடம் காட்டினேன். திரும்பி வரும் வழியில் காக்கா அவர்களுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்தார்கள்.

லாத்தா மனமுவந்து விட்டுக் கொடுத்துவிட்டார்கள் என்று முப்பது வருடங்களாகக் கேட்பவரிடமெல்லாம் சொல்லி வந்திருக்கிறேன். அந்தச் சொல் உண்மைதானா? என் வீட்டுக் கதை மட்டுமாயிருந்தால் இதை அச்சில் ஏற்ற வேண்டிய அவசியமில்லை. இதைப் படிக்கும் சகோதரர்களில் எத்தனை பேர் வீட்டு அலமாரியில் இதே போன்ற பத்திரம் இருக்கிறது என்பது அவரவருக்குத் தெரியும்.

உஹத் யுத்தத்தில் ஷஹீதானவர்களில் ஒருவர் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி). அவர்களின் மனைவி இரண்டு பெண் மக்களையும் அழைத்துக்கொண்டு நபி (ஸல்) அவர்களிடம் வந்தார்கள். இக்குழந்தைகளின் தந்தை தங்களோடு போரிட்டு இறந்தார். அவருடைய சொத்து முழுவதையும் அவர் சகோதரர் எடுத்துக்கொண்டார். பொருள் இல்லாமல் இவர்களுக்கு நிக்காஹ் எப்படி நடக்கும் என்று முறையிட்டார்கள். இதில் அல்லாஹ் தீர்ப்பளிப்பான் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லி அனுப்பினார்கள். வாரிசுரிமை ஆயத்து இறங்கியது. உடனே அந்தச் சகோதரரை வரவழைத்து, பெண் மக்களுக்கு மூன்றில் இரண்டு பங்கும், மனைவிக்கு எட்டில் ஒரு பங்கும் கொடுத்துவிட்டு மீதியை நீர் வைத்துக்கொள்ளும் என்றார்கள். கணக்குப்படி 24 பாகத்தில் பெண் மக்களுக்கு 16, தாய்க்கு 3, அவருக்கு 5. முழுவதையும் சுருட்டியவருக்கு ஐந்து பாகம்தான் நின்றது.

இங்கே நான் கவனிப்பது ஒன்றைத்தான். அந்தத் தாயிடம் யாரும், குடும்ப மானம் என்னாவது, வாய் திறக்காதே என்று சொல்லவில்லை. கேட்க வந்தவரைக் கேட்க விட்டார்கள். பங்கைக் கையில் சேர்ப்பித்தார்கள். நிஸா அத்தியாயத்தில் பெண்ணுக்குப் பங்கு உண்டு என்று சொல்லும் அல்லாஹு தஆலா, அது குறைவாயிருந்தாலும் நிறைவாயிருந்தாலும் விதிக்கப்பட்ட பங்கு என்கிறான். தொழுகையைப் போல இதுவும் விதி. ஆனால் தொழாதவனை ஊர் கேட்கிறது. லாத்தாவின் பங்கைத் தின்றவனை ஜமாஅத்தில் முன் வரிசையில் உட்கார வைக்கிறது.

அரசாங்கம் இதில் என்ன செய்தது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரர் ஆட்சியில் பல பகுதிகளில் முஸ்லிம்களின் சொத்துப் பாகப்பிரிவினை ஊர் வழக்கத்தின்படி நடந்தது. பஞ்சாப் போன்ற இடங்களில் வழக்கம் என்றாலே மகளுக்கு ஒன்றுமில்லை என்றுதான் பொருள். உலமாக்களும் பெண்கள் அமைப்புகளும் போராடியதன் பேரில் 1937-ல் ஷரீஅத் சட்டம் வந்தது. அதிலும் ஓர் ஓட்டை. விவசாய நிலம் மாகாணங்களின் அதிகாரத்தில் இருந்ததால் அதற்கு அச்சட்டம் செல்லாது. நாட்டில் பெரும்பாலோருக்குச் சொத்து என்றால் நிலம்தானே! அந்த ஓட்டையை 1949-ல் சென்னை மாகாணச் சட்டமன்றம் ஒரு திருத்தத்தால் அடைத்தது. விவசாய நிலமும் ஷரீஅத்தின்படியே பங்கிடப்பட வேண்டும் என்று ஆயிற்று. பல மாநிலங்களில் இப்படி நடக்கவில்லை. நமக்குக் கிடைத்த நன்மை இது. நம்மில் பலருக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

நாற்பது ஆண்டுகளுக்குப் பின் நம் அண்டை வீட்டாருக்கும் மாற்றம் வந்தது. 1989-ல் தமிழக அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்திக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்றது. அதற்கு முன் மணமான பெண்களை அது விட்டுவிட்டது. 2005-ல் மத்திய அரசின் திருத்தம் அந்தக் குறையையும் போக்கியது. 2023 செப்டம்பர் 15-ல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பத் தலைவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டம் தொடங்கியபோது, அதற்கு உதவித் தொகை என்று பேர் வைக்காமல் உரிமைத் தொகை என்றார்கள். பேர்தானே என்று சிலர் சிரித்தார்கள். எனக்கு அந்தப் பேர் முக்கியமாகப் படுகிறது. உதவி என்றால் கொடுப்பவன் மனம்; உரிமை என்றால் பெறுபவளின் பாத்தியதை. 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள வீடு, மனை, விவசாய நிலத்தைப் பெண் பேரில் வாங்கிப் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு என்றும் சலுகை வந்தது. (கட்டணம் மிச்சம் என்று மனைவி பேரில் பதிந்துவிட்டுப் பத்திரத்தைத் தன் பெட்டியில் பூட்டி வைப்பவர்களையும் நான் அறிவேன். அது வேறு கதை.)

ஆக, பதிவு அலுவலக வாசல் வரை அரசாங்கம் பெண்ணுக்கு வழி அமைத்தது. அதே வாசல் வழியாகத்தான் நாம் அவளை விடுதலைப் பத்திரத்துக்கும் கூட்டிப் போகிறோம். நம் வீடு, அண்டை வீடு என்ற பேதம் இதில் இல்லை. அவர்களுக்கு 1989-ல் வந்ததை அவர்கள் வீட்டுப் பெண்கள் எழுதிக் கொடுக்கிறார்கள். ஆயிரத்து நானூறு வருடங்களுக்கு முன் வந்ததை நம் வீட்டுப் பெண்கள் எழுதிக் கொடுக்கிறார்கள்.

ஏன் கொடுக்கிறார்கள்? பாசத்தால் என்று நாம் சொல்கிறோம். பாசம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பாசத்தோடு ஒரு பயமும் கலந்திருக்கிறது. பங்கு கேட்டால் தாய்வீடு போய்விடும் என்ற பயம். பெருநாளைக்கு யார் வந்து அழைப்பார்கள்? பேரப்பிள்ளைகளின் சுன்னத்துக்கும், பேத்தி காது குத்துக்கும் மாமன் சீர் யார் கொண்டு வருவார்கள்? கணவனோடு மனத்தாங்கல் வந்தால் எந்த வாசலில் போய் நிற்பது? கணவன் மவுத்தாகிவிட்டால்? பெண்ணுக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது என்ற நினைப்பே அவளுக்குக் காவல். அந்தக் காவலை இழக்காமலிருக்க அவள் கொடுக்கும் விலைதான் அந்தக் கையெழுத்து. விலை கொடுத்து வாங்குவதற்குப் பேர் அன்பளிப்பு ஆகுமா?

நம் கரையில் உப்பளங்கள் இருக்கின்றன. 1974-ல் அமைந்த தமிழ்நாடு உப்புக் கழகத்தின் மாரியூர் – வாலிநோக்கம் உப்பளத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். உப்பளத்தில் வெயிலில் நின்று பாடுபடும் ஒரு பெண், தன் கூலியைக் கையில் வாங்கி, எண்ணிப் பார்த்து, அதில் நூறு ரூபாயைத் தம்பியிடம் நீட்டினால் அவள் கொடுத்தாள் என்று தாராளமாகச் சொல்லலாம். தொகை தெரியும்; கையில் இருந்தது; கொடுக்காமலும் இருந்திருக்கலாம். எங்கள் லாத்தாவுக்கு எவ்வளவு சேர வேண்டும் என்று நாங்கள் சொல்லவே இல்லை. ஒரு நாளும் அது அவர்கள் கையில் இருந்ததில்லை. கொடுக்காமல் இருந்திருக்கலாம் என்ற வழியும் அவர்களுக்குக் கிடையாது. கைக்கு வராத பொருளை ஒருவர் எப்படி விட்டுக் கொடுப்பார்?

மார்க்கம் இவ்விஷயத்தில் நாம் நினைப்பதைவிட நுட்பமாயிருக்கிறது. மஹரைப் பற்றிய ஆயத்தில், பெண்கள் தாமாக மனமகிழ்ந்து அதில் எதையேனும் விட்டுத் தந்தால் அனுபவிக்கலாம் என்று அல்லாஹ் அனுமதிக்கிறான். முதலில் கொடுத்துவிடும்படி கட்டளை; அதன் பிறகே இந்த அனுமதி. வரிசையைக் கவனியுங்கள். பெண்கள் ஆசையாலும் கொடுப்பார்கள், அச்சத்தாலும் கொடுப்பார்கள். ஆகவே கணவனுக்குக் கொடுத்த பெண் திரும்பக் கேட்டால் திருப்பிக் கொடுக்கப்பட வேண்டும் என்று உமர் (ரலி) அவர்கள் தம் நீதிபதிகளுக்கு எழுதியதாக ஒரு செய்தியும் உண்டு. கொடுத்த அன்பளிப்பைத் திரும்பப் பெறுவது பற்றி மத்ஹபுகளின் இமாம்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. அதை ஆலிம்களிடம் விட்டுவிடுகிறேன். ஆனால் ஒரு கலீஃபா, பெண்ணின் சம்மதத்துக்குள்ளே அச்சம் ஒளிந்திருக்கக் கூடும் என்று அன்றே யோசித்தார்கள் என்பது என்னை உலுக்கிவிட்டது.

பத்திரம் பதிவாகிவிட்டதே, கோர்ட்டில் செல்லுமே என்பார்கள். செல்லும்தான். சில ஊர்களில் வாப்பா உயிரோடிருக்கும்போதே மகள்களிடம் எழுதி வாங்கிவிடுகிறார்கள். ஒருவர் ஹயாத்தாயிருக்கையில் அவர் சொத்தில் எவருக்கும் வாரிசுரிமை பிறப்பதில்லை, பிறக்காததை விடவும் முடியாது என்பது ஷரீஅத். 1972-ல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டாலும், பதிலுக்குப் பொருள் பெற்றுக்கொண்டு எழுதித் தந்தவர் பின்னர் பங்கு கேட்பதை அவருடைய நடத்தையே தடுத்துவிடலாம் என்றது. சட்டம் தன் முன் இருக்கும் காகிதத்தைப் பார்த்துச் சொல்கிறது. ஆனால் நபி (ஸல்) அவர்கள், வாதத் திறமையால் தம்மிடமே ஒருவர் தீர்ப்பைச் சாதகமாகப் பெற்றுவிட்டாலும், அது அடுத்தவரின் ஹக்காயிருந்தால் நெருப்புத் துண்டையே அவர் எடுத்துச் செல்கிறார் என்ற கருத்தில் எச்சரித்தார்கள். நபியின் தீர்ப்பே ஹராமை ஹலாலாக்காது என்றால் சார்பதிவாளர் முத்திரை ஆக்கிவிடுமா?

இன்னொரு சமாதானம்: “கலியாணத்துக்கு நகை போட்டோமே, அதுதான் அவள் பங்கு.” கீழக்கரை போன்ற ஊர்களில் மகளுக்கு வீடே கொடுக்கும் வழக்கம் உண்டு. அங்கே பெண்ணின் நிலை இதனால் உறுதியாயிருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் வாப்பா ஹயாத்தில் மகளுக்குக் கொடுத்தது அன்பளிப்பு. மவுத்துக்குப் பின் வருவது வாரிசுப் பங்கு. ஒன்று மற்றொன்றில் தானாகக் கழியாது. பிள்ளைகளுக்கிடையே அன்பளிப்பில் நீதம் வேண்டும் என்பது சரி. அந்தக் கணக்கை வாப்பா இருக்கும்போது பேசியிருக்க வேண்டும். மேலும், அந்த நகையில் பாதி மாப்பிள்ளை வீட்டார் கேட்டதற்காகப் போட்டது. கைக்கூலிக்குப் போனதை மகளின் பங்கில் எழுதுவது எந்தக் கிதாபில் இருக்கிறது?

மகனுக்கு இரண்டு பாகம், மகளுக்கு ஒன்று என்பதைக் காட்டி இதென்ன சமத்துவம் என்று வெளியார் கேட்கிறார்கள். மஹர் கொடுப்பதும், குடும்பத்தைத் தாங்குவதும் ஆண் மீது கடமை. பெண்ணின் பங்கு அவளுக்கே சொந்தம் என்று நாம் பதில் சொல்கிறோம். நல்ல பதில். ஆனால் அந்தக் கடமையையும் செய்யாமல், ஒரு பாகத்தையும் கொடுக்காமல், மூன்று பாகத்தையும் எடுத்துக்கொண்டவன் வாயில் அந்தப் பதில் எப்படி நிற்கும்? 2017-ல் முத்தலாக் தீர்ப்பு வந்தபோதும், 2019-ல் சட்டம் வந்தபோதும் ஷரீஅத்தில் கை வைக்காதே என்று மேடைதோறும் முழங்கினோம். நானும் அக்கூட்டங்களில் உட்கார்ந்து தக்பீர் சொன்னவன். என் அலமாரியிலிருந்த பத்திரத்தில் ஷரீஅத் மீது கை வைத்தவன் யார் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

ரமலானுக்கு முன் ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு ஏக்கர், 200 சென்ட். காக்காவுக்கு 80, எனக்கு 80, லாத்தாவுக்கு 40. என் பேரில் பட்டா 100 சென்ட்டுக்கு இருக்கிறது. அந்த 20 சென்ட்டில் முப்பது வருடமாகக் காய்த்த தேங்காயின் கணக்கை இன்னும் போடவில்லை.

லாத்தாவின் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டு, “நாப்பது சென்ட்டா?” என்றார்கள். அதுவரை அவர்களுக்குத் தொகை தெரியாது. கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டு, “காக்காவுக்குத் தெரியுமா நீ வந்தது?” என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். “அவங்க மனசு நோவும்படி எதுவும் செஞ்சிராதே தம்பி” என்று சொல்லிவிட்டுத் தேநீர் போட எழுந்தார்கள்.

காக்காவிடம் நான் இன்னும் பேசவில்லை. பேச வேண்டும். என் பக்கத்து 20 சென்ட்டை அளந்து கல் நட சர்வேயருக்கு மனுக் கொடுத்திருக்கிறேன். பத்திரச் செலவு என்னுடையது. லாத்தா தம் பேரில் பட்டாவைக் கையில் வாங்கிய பிறகு எனக்கே திருப்பித் தந்தாலும் தரட்டும், மகளுக்குக் கொடுத்தாலும் கொடுக்கட்டும். அது அவர்கள் இஷ்டம்.