தூர் வாருபவரின் கூலி

அறிவு எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று நம்புகிறவன் நான். ஆனால் அப்படி இலவசமாகக் கிடைக்கிற ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் யாரோ உட்கார்ந்து வேலை பார்க்கிறார். அவருக்குச் சம்பளம் யாரு தர்றது என்று கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது.

அரபிடாப்சிஸ் என்று ஒரு சின்னச் செடி, கடுகுக் குடும்பம். தாவர உயிரியலில் அதுதான் ஆய்வகத்து எலி மாதிரி. தாவரங்களிலேயே முதலாவதாக 2000இல் அதன் மரபணுத் தொகுதி வாசித்து வெளியிடப்பட்டது. அதன் எந்த மரபணு என்ன செய்கிறது என்பதை ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துத் தொகுத்துவைக்கும் இணையத் தரவுத்தளம் 'டேர்'. அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியில் நடந்தது. அந்த நிதி படிப்படியாகக் குறைந்து 2013இல் நின்றது. குழுவினர் லாப நோக்கற்ற நிறுவனம் ஒன்றைத் தொடங்கிச் சந்தா வாங்க ஆரம்பித்தார்கள். ஓராண்டு பழைய தரவு எல்லோருக்கும் இலவசம். புதுசு வேண்டும் என்றால் காசு.

இது நியாயமா?

மக்கள் வரிப்பணத்தில் கட்டியதற்குக் கதவு போடலாமா என்று கேட்பதில் நியாயம் இருக்கு. சந்தா கட்ட முடியாத கல்லூரியின் மாணவி ஓராண்டு பின்தங்கித்தான் நிற்பாள்.

அப்படின்னா திறந்தே விட்டிருக்கலாமே? மென்பொருள் கல்வெட்டு இல்லை. சும்மா விட்டால் அப்படியே நிற்காது. பைதான் 2 மொழிக்கான ஆதரவு 2020 ஜனவரி 1உடன் முடிந்தது. அதில் எழுதிய நிரலில் ஒரு எழுத்துகூட மாறியிருக்காது. ஆனாலும் பைதான் 3இல் பெரும்பாலும் அப்படியே ஓடாது. நிரல் மாறவில்லை, சுற்றியிருக்கும் உலகம் நகர்ந்துவிட்டது. தரவுத்தளமும் அப்படித்தான். புதிய கட்டுரைகளைச் சேர்க்க ஆளில்லாவிட்டால், திறந்திருக்கும் கதவுக்குள் பழைய சரக்குதான் இருக்கும். அப்போது எல்லோரும் சமமாகப் பின்தங்குவார்கள். அந்தச் சமத்துவத்தால் யாருக்கு என்ன லாபம்?

எனவே தவறு சந்தாவில் தொடங்கவில்லை என்று நினைக்கிறேன். கட்டுவதற்குப் பணம் ஒதுக்கி, காப்பதற்கு ஒதுக்காமல் விட்ட இடத்தில் தொடங்கியது. குளம் வெட்டுகிறவருக்குப் பேர் கிடைக்கிறது. தூர் வாருகிறவருக்குச் சேறுதான். புதுசுக்குத்தான் நிதி, புதுசுக்குத்தான் விருது. பயன்படுத்துகிற நாமும், எந்தக் கருவியால் நம் ஆய்வு முடிந்ததோ அதன் பெயரைக்கூட எழுதாமல் நகர்ந்துவிடுகிறோம்.

பெயரை எழுதுவது குறைந்தபட்சக் கடன். ஆய்வு நிதி கேட்கும்போதே பராமரிப்புக்கும் ஒரு பங்கு கேட்பது அடுத்த கடன். இதையெல்லாம் செய்தாலும் அந்த மாணவியின் ஓராண்டு உடனே திரும்பி வந்துவிடாது. ஆனால் அந்த ஓராண்டுக்குச் சந்தா வாங்குகிறவர்கள் மட்டும்தான் பொறுப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.