கணக்கு எழுதியவரே காட்டட்டும்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு வருபவர்கள் பெரும்பாலும் குடவோலைத் தேர்தல் கல்வெட்டைத்தான் தேடுவார்கள். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த ஊர் இது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டியவை அந்தச் சாசனங்கள். ஊர் நிர்வாகக் குழுவான வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய சிற்றன்னை, பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் என யார் பெயரும் குடத்துக்குள் போகக் கூடாது. உறவையும் சேர்த்துத் தள்ளியது இன்றைக்குக் கடுமையாகத்தான் படுகிறது.

அதிகம் பேசப்படாத விதி ஒன்றும் அங்கே உண்டு. கணக்கு எழுதியவரே அதை ஒப்படைக்க வேண்டும். முடித்துக் கொடுக்க வேறு கணக்கரைக் கூட்டிவரக் கூடாது.

எழுதும் வேலையைக் கைமாற்றலாம். உண்மை சொல்லும் கடமையை?

இன்று அதே செங்கல்பட்டுப் பக்கம் மஹிந்திரா சிட்டியில் சம்பளம் வாங்குபவர், வருமான வரிக் கணக்குக்காகப் படிவம் 16ஐ ஆடிட்டரிடம் கொடுத்துவிட்டு, கைப்பேசிக்கு வரும் ஓடிபியைப் படித்துச் சொல்கிறார். அத்தோடு உறுதிமொழி அவருடையதாகிவிடுகிறது. பார்க்காத ஒன்றுக்குச் சாட்சி!

2025 ஜூலையில் போலி வரிக் கழிவுகளைத் தேடி வருமான வரித் துறை 150 இடங்களில் சோதனை நடத்தியது; தமிழ்நாடும் அதில் உண்டு. கமிஷனுக்காகப் பொய்க் கழிவுகளை எழுதித் தந்த இடைத்தரகர்களே குறி. அதற்கு முந்தைய 4 மாதங்களில் சுமார் 40,000 பேர் ரூ.1,045 கோடி அளவுக்கான பொய்க் கோரிக்கைகளைத் தாங்களே விலக்கிக்கொண்டிருந்தார்கள்.

எல்லா ஆடிட்டரும் அப்படி அல்ல. பங்கு, நிலம் விற்றவருக்கு ஆடிட்டர் துணை தேவைதான். சம்பளமும் வங்கி வட்டியும் மட்டுமே உள்ளவருக்கோ, ‘சகஜ்’ என்ற எளிய வரிப் படிவம் ஒரு மாலை நேர வேலை.